அறுபத்தாறு முட்டை

ஏரிக்கரை அறை,
பிப்ரவரி 9

அன்புள்ள கொக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஐந்தாவது மாடி, ஏ.சி., சக்கரம் வைத்த நாற்காலி, நலமாகத்தான் இருப்பாய். நான்தான் இங்கே சைக்கிள் கடை மாடியில், சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல், உங்கள் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்கிறேன்.

நம் வளர்ச்சிக் கழகத்தின் அரையாண்டு அறிக்கை நேற்றுத் தபாலில் வந்தது. வழவழவென்று அட்டை, அட்டையில் நம் ஏரியின் முக்குளிப்பான் பறவை. அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே நீ கொடுத்த எண்களை வைத்து ஒரு படம். ஒரு கோடு, ஏரியைச் சுற்றியுள்ள குடும்பங்களின் வருமானம். இன்னொரு கோடு, ஏரியில் வாழும் உயிர்கள். இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு மேலே போகின்றன. அதன் அடியில் ஒரு வரி: "வடகரையில் முக்குளிப்பான் கூடுகள் பதினோரு இடங்களில் காணப்பட்டன. மொத்தம் அறுபத்தாறு முட்டைகள்."

அடியே, அந்தப் பதினோரு இடங்களுக்கும் போனவள் நான்தானே? விடியலில் போய், கோரைக்குள் படகை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கூடு இல்லை. ஒரு சிறகு இல்லை. அதைத்தான் போனில் உனக்கு வரிசையாகச் சொன்னேன்: "ஒண்ணு, முட்டை. ரெண்டு, முட்டை. மூணு, முட்டை." கல்லூரியில் வேதியியல் வாத்தியார் நம் இரண்டு பேர் விடைத்தாளிலும் சிவப்பு மையில் போட்ட முட்டையடி அது! அன்றிலிருந்து சைபரை நாம் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா?

நீ என்ன செய்திருக்கிறாய்? இடத்தின் எண்ணை எண்ணிக்கையாக்கி, நம் முட்டையைப் பறவை முட்டையாக்கி இருக்கிறாய். முதல் இடத்தில் ஒரு முட்டை, இரண்டாவது இடத்தில் இரண்டு, அப்படியே ஏறிப் போய்ப் பதினோராவது இடத்தில் பதினொன்று. பறவைகள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி முட்டையிட்டனவா? ஒரு கூட்டில் பதினோரு முட்டை என்றால் அது முக்குளிப்பான் இல்லையடி, கோழிப்பண்ணை.

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கடைசிப் பக்கத்தைப் படித்தேன். "இரண்டு கோடுகளும் உயர்ந்திருப்பதால் இரண்டாம் கட்டத்துக்குத் தடையில்லை. வடகரையில் மண் நிரப்பிக் கிடங்குகள் கட்டப்படும்." சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

உடனே திருத்து. இனிமேல் உன்னோடு போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். எதுவானாலும் எழுத்தில்தான்.

கோபத்துடன்,
தவளை

*

தலைமை அலுவலகம்,
பிப்ரவரி 15

அன்புள்ள தவளை,

உன் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். கோழிப்பண்ணை வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த பாராவில் முகம் கழுவிக்கொண்டேன்.

தெரியாமல்தான் செய்தேனடி, நம்பு. அன்று சின்னவளுக்குக் காய்ச்சல். இடுப்பில் அவள், தோளில் போன், ஒற்றைக் கையால் டைப் அடித்தேன். உன் குரலோ அறுந்து அறுந்து வந்தது. படிவத்தில் கூட்டின் நிலை என்ற கட்டத்துக்கு மூன்றே பதில்கள்தான்: முட்டை, குஞ்சு, காலி. பக்கத்தில் எண்ணிக்கை. நீ "அஞ்சு, முட்டை" என்றாய். நான் ஐந்தைப் போட்டு முட்டையை அழுத்தினேன். நம் முட்டை ஞாபகத்துக்கே வரவில்லை. இத்தனை வருஷம் ஆபீஸில் உட்கார்ந்தால் முட்டை என்றால் வெறும் முட்டை என்று ஆகிவிடுகிறது போலிருக்கிறது.

என்னை மட்டும் திட்டாதே. படம் போடுகிறவர் அந்த எண்களைப் பார்த்து முட்டை முட்டையாக வரைந்தார். அச்சகத்தில் அடித்தார்கள். இயக்குநர் மேடையில் படித்தார். கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இருக்கிறதே என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

திருத்தத்தை எழுதி எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு எண்ணை மாத்தினா மிச்ச எண்ணையெல்லாம் எவன் நம்புவான்?"

"இது தப்பான எண் சார்."

"தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்."

"ரெண்டே பேர்தானே" என்றார்.

கொஞ்சம் பொறு. நல்ல நேரம் பார்த்து மறுபடி பேசுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபப்படாதே. வருமானக் கோடு பொய் இல்லை. முதல் கட்டம் வந்த பிறகு நானூறு வீட்டில் நிலையான சம்பளம் வருகிறது. அதையும் நான்தான் எண்ணினேன்.

அன்புடன்,
கொக்கு

*

ஏரிக்கரை அறை,
பிப்ரவரி 20

அன்புள்ள கொக்கு,

வருமானக் கோடு பொய் என்று எவள் சொன்னாள்? என் படகுக்காரரின் மகள் முதல் கட்டத்தில் வந்த பெட்டி கட்டும் ஷெட்டில்தான் வேலை பார்க்கிறாள். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்துவிட்டாள். புது ரோட்டில் நானும்தான் நடக்கிறேன். ரோட்டைப் பெயர்த்து எடு என்றா கேட்கிறேன்? ரோடு போட்ட பிறகு பக்கத்தில் என்ன மிச்சம் என்று உள்ளபடி சொல் என்கிறேன். இரண்டு கோட்டில் ஒன்று பொய் என்று நாளைக்கு வெளியே வந்தால், நிஜமான கோட்டையும் எவனும் நம்ப மாட்டான். உன் நானூறு வீட்டுக்கும் சேர்த்துத்தான் கத்துகிறேன்.

இன்னொன்று. உங்கள் ஆபீஸில் முட்டை என்றால் ஒன்றுமில்லை, வேலை நடக்கவில்லை என்று நினைக்கிறார்கள். என் முட்டை அப்படி இல்லை. போனேன், காத்திருந்தேன், தேடினேன், இல்லை என்று தெரிந்துகொண்டேன். முதல் கட்டத்துக்கு முன்னால் அதே இடங்களில் அவை குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு போனதை இதே கண்ணால் பார்த்தவள் நான். ஷெட்டின் கழிவு நீரும் ராத்திரி முழுக்க எரியும் விளக்கும் வந்தபின் போய்விட்டன. இன்னும் நான்கு மழை பார்த்தால் திரும்பி வரலாம். மண்ணைக் கொட்டினால் எங்கே வரும்?

நல்ல நேரம் எப்போது வருமாம்? ஜோசியரைக் கேட்டுச் சொல்.

தவளை

*

தலைமை அலுவலகம்,
மார்ச் 2

என் அருமைத் தவளை,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். "கள ஆய்வில் நான் தெரிவித்தபடியே எண்ணிக்கை பதிவாகியுள்ளது" என்று ஒரே வரி. அடியில் உன் பெயருக்கு இடம். இயக்குநர் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டால் உன் கான்ட்ராக்ட் மூன்று வருஷம் நீளும். புதுப் படகு, மோட்டாரோடு. போடாவிட்டால் ஏப்ரல் முடிந்ததும் நீ வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கும் ஏப்ரலில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. துறைத் தலைவர் நாற்காலிக்கு என் பெயரும் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. என் பெயர் இருக்கிற பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் அந்த வரி பொய்கூட இல்லையடி. நீ முட்டை என்றுதானே தெரிவித்தாய்? நான் முட்டை என்றுதானே பதிந்தேன்?

இப்படி எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. ஆனால் நீ அங்கே இருந்தால்தான் அடுத்த தடவையாவது சரியாக எண்ண முடியும். வேலையை விட்டுப் போய்விட்டால் யார் எண்ணுவார்கள்? வீட்டுக்காரரும் இதையேதான் சொல்கிறார். சின்னவள் உன்னைக் கேட்கிறாள், "கத்துற அத்தை எப்ப வருவாங்க" என்று.

உன்,
கொக்கு

*

ஏரிக்கரை அறை,
மார்ச் 7

கொக்கு,

மாட்டேன்.

பேனாவில் மை இருக்கிறது, கையில் தெம்பு இருக்கிறது. ஆனாலும் போட மாட்டேன். அந்தத் தாளைப் படகில் ஓட்டை அடைக்க வைத்திருக்கிறேன். நல்ல கனமான தாள். உன் இயக்குநரிடம் "போடா" என்று சொன்னதாகச் சொல். பெரிய மனுஷனாயிற்றே, மரியாதை வேண்டும் என்றால் "போங்கடா" என்று சொல்.

அந்த வரி பொய் இல்லையாமே! அதை எழுதினது நீதானா என்று இரண்டு முறை கையெழுத்தைப் பார்த்தேன். வாத்தியாரிடமே போய் "சார், நீங்க போட்டது முட்டை, ஆனா அது தப்பு" என்று வாதாடி ஆறு மார்க் வாங்கி வந்த பெண் எங்கேயடி போனாள்? உன் தைரியத்தைப் பார்த்துத்தான் நான் கத்தவே கற்றுக்கொண்டேன்.

அடுத்த தடவை சரியாக எண்ணலாம் என்கிறாய். அடுத்த தடவை எதை எண்ணுவேன்? லாரியையா?

இங்கே எனக்கும் சும்மா இல்லை. நேற்று படகுக்காரர் நடு ஏரியில் துடுப்பைப் போட்டுவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார், "உங்க முட்டையால என் மருமகனுக்கு வர்ற வேலை போயிடும் போலயேம்மா. கிடங்குல ஆள் எடுக்கறதா சொல்லியிருக்காங்க." "கிடங்கு வரட்டும்ணே. இங்கதான் வரணுமா?" என்றேன். கிழக்குக் கரையில் பழைய செங்கல் சூளை இடம் முள் மண்டிக் கிடக்கிறது. அங்கே கட்டினால் ரோட்டைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அதை ஒருவரும் பேசவே இல்லை. ஏன் பேசுவார்கள்? இரண்டு கோடும்தான் மேலே போகிறதே! படகுக்காரர் துடுப்பை எடுத்துப் படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.

வேலை போனால் போகட்டும். சைக்கிள் கடைக்காரர் கீழே பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும் என்கிறார். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீ எந்தப் பக்கம்? முக்குளிப்பான் மாதிரி, கேள்வி வந்ததும் தண்ணீருக்குள் போய் வேறு பக்கம் எழும்பாதே. நேராகச் சொல்.

தவளை

*

ஏரிக்கரை அறை,
மார்ச் 18

கொக்கு,

பதில் இல்லை. தபால்காரரை வழிமறித்துக் கேட்டுவிட்டேன். இன்று மண் அளக்க ஆட்கள் வந்து வடகரையில் சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள்.

உன் நாற்காலி உனக்கு நன்றாகச் சுழலட்டும். சின்னவளுக்கு என் அன்பைச் சொல். உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

*

வளர்ச்சிக் கழகம்,
அளவீட்டுப் பிரிவு,
மார்ச் 24

பெறுநர்:
கள ஆய்வாளர், ஏரிப் பகுதி.

பொருள்: வடகரையில் பதிவான அறுபத்தாறு முட்டைகளை நேரில் காட்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

மேற்படி பொருள் குறித்துத் தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில், கழகத்தின் அரையாண்டு அறிக்கையில் இடம்பெற்ற சாதனையை நேரில் கண்டு மகிழ, நிதி தரும் நிறுவனத்தின் மதிப்பீட்டு அலுவலர் ஏப்ரல் 2 அன்று காலை ஏரிக்கு வருகை தருகிறார். இயக்குநர் அவர்களும் உடன் வருகிறார்.

அறிக்கையில் கண்டவாறு, முதல் இடத்தில் ஒன்று, இரண்டாம் இடத்தில் இரண்டு என வரிசைப்படி, பதினோராம் இடத்தில் பதினொன்று வரை, அனைத்து முட்டைகளையும் ஓர் இடமும் விடாமல் மேற்படி அலுவலருக்குக் காட்டுமாறு தாங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

இதில் எவ்விதச் சுணக்கமும் ஏற்படலாகாது.

(ஒப்பம்)
அளவீட்டு அலுவலர்

நகல்: நிதி தரும் நிறுவனம், மதிப்பீட்டுக் குழு. தகவலுக்காகவும் அவசியம் கலந்துகொள்வதற்காகவும்.

*

ஏரிக்கரை அறை,
ஏப்ரல் 4

அடி என் கொக்கே! என் தங்கமே! திருட்டுக் கழுதையே!

உன் ஆபீஸ் கடிதத்தைப் பாதி படித்ததும் கிழிக்கப் போனேன். "ஐயா / அம்மா" என்றா எனக்கு எழுதுவாள் என்று கண்ணெல்லாம் எரிந்தது. பிறகு "வரிசைப்படி" என்ற இடத்தில் நின்றேன். பிறகு அடியில் நகல் போன இடத்தைப் பார்த்தேன். இயக்குநருக்குத் தெரியாமல் நேராக நிதி தருகிறவர்களுக்கே போட்டிருக்கிறாய்! அவர்கள் வருகிறோம் என்று சொன்ன பிறகு அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? நான் சிரித்த சத்தத்தில் கடைக்காரர் பம்ப்பை எடுத்துக்கொண்டு மேலே ஓடி வந்துவிட்டார்.

நடந்ததைக் கேள். இயக்குநர் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்தார். கரையில் என்னைத் தனியே இழுத்து, "ரெண்டு இடம் காட்டிட்டு, வெயில் ஏறிடுச்சுன்னு சொல்லித் திருப்பிடுங்க" என்றார். "ஓர் இடமும் விடாமல்னு ஆபீஸ் உத்தரவு சார்" என்றேன். மிதவை அங்கியின் பட்டன் அவருக்குப் போட முடியவில்லை. முகம் தக்காளி.

வந்த அலுவலர் ஒரு அம்மாள். குட்டையாக வெட்டிய நரை முடி, குரலே எழும்பாத பேச்சு. முதல் இடத்தில் படகை நிறுத்தினோம்.

"முட்டை எங்கே?" என்றார்.

"முட்டைதான் மேடம்" என்றேன்.

"எங்கே?"

"இங்க ஒண்ணும் இல்ல மேடம். முட்டைன்னு நான் சொன்னது சைபரை. எழுதினவங்க நிஜ முட்டைன்னு எடுத்துக்கிட்டாங்க. தப்புன்னு தெரிஞ்சதும் எழுத்துல சொல்லிட்டோம். திருத்தல."

இயக்குநர் இருமினார். அம்மாள் அறிக்கையைத் திறந்து வரிசையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மூடிவிட்டார். "அடுத்த இடம் போகலாம்" என்றார். நான்காவது இடத்தில் அவரே கேட்டார், "இங்கயும் முட்டையா?" படகுக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார்.

இப்போது ஒன்பதாவது இடம். இதை உட்கார்ந்து படி. கோரைக்கு நடுவில் ஈரப் பாசி கொஞ்சம் மேடாகக் கிடந்தது. மற்றவர்கள் கண்ணுக்குக் குப்பை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாய்ப் பறவை இறங்கிப் போகும்போது முட்டையைப் பாசியால் மூடிவிட்டுப் போகுமே, அதே மூடல். படகுக்காரரும் பார்த்துவிட்டார். துடுப்பை நிறுத்தாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் படகு தாண்டிப் போயிருக்கும். பதினோரு சைபர், சுத்தமாக. சொன்னால் இயக்குநருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைக்கும். ஒரு நிமிஷம் மனசு ஆடியது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

"நிறுத்துங்கண்ணே" என்றேன். பாசியை ஒரு விரலால் விலக்கினேன். ஐந்து. வெள்ளை மங்கிய, சூடு ஆறாத ஐந்து நிஜ முட்டை.

இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார், படகு ஆடியது. "பாத்தீங்களா மேடம்! நான் சொல்லல?"

அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "போன தடவை இந்த இடத்தில் எத்தனை?"

"போன தடவை இல்ல மேடம். இன்னிக்கு அஞ்சு. மூடிட்டுக் கிளம்புவோம், தாய் பக்கத்துல எங்கயோ காத்துட்டு இருக்கும்."

"அறிக்கையில் ஒன்பதுன்னு இருக்கே."

"அது தப்பு. அஞ்சுதான்."

அவர் தன் கையால் "ஐந்து" என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு மிச்ச இரண்டு இடத்திலும் நான் சொன்ன முட்டையைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார். கரைக்கு வந்ததும் படகுக்காரரிடம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றார்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கிடங்கு வரட்டும்மா, என் மருமகனுக்கு வேலை வேணும். ஆனா மண்ணை ஏன் இங்க கொட்டணும்? கிழக்குக் கரையில செங்கல் சூளை இடம் சும்மாதானே கிடக்கு. வாங்க, காட்டறேன்." காட்டவும் காட்டினார், நொண்டிக்கொண்டே. இயக்குநரின் ஷூவில் முள் ஏறியது.

கொக்கு, உன்னிடம் எந்தப் பக்கம் என்று கேட்டேனே, அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இனிமேல் என்னை "ஐயா" என்றால் கொன்றுவிடுவேன். பதவிப் பட்டியல் என்ன ஆயிற்று? பயமாக இருக்கிறது. உடனே எழுது.

உன்,
தவளை

*

கிடங்குப் பிரிவு, தரைத்தளம்,
ஏப்ரல் 12

அன்புள்ள தவளை,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். ஐந்தாம் மாடியிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். ஆபீஸ் வண்டிகளின் டயர் எண்ணுகிறேன். இங்கே ஏ.சி. இல்லை, நாற்காலிக்குச் சக்கரமும் இல்லை. கால் ஒன்று உடைந்து, செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறது. நேற்று என்னவென்று கேட்க இயக்குநர் இறங்கி வந்தார். "நகல் போட யார் சொன்னது?" என்றார். "அறிக்கையில இருந்த எண்ணைத்தான் சார் எழுதினேன். தப்புன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். வந்த வழியே ஏறிப் போனார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

உன் மார்ச் கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்கமாட்டாய் என்று தெரியும். போட்டிருந்தால் நகல் போடப் போவதைச் சொல்லியிருப்பேன். சொன்னால் நீ ஊரைக் கூட்டிவிடுவாய். தவளைதானே!

இனி சமாச்சாரம். நிதி நிறுவனம் எழுதிவிட்டது. அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். ஒரு கூடு கட்டும் பருவம் முழுக்க மறுபடி எண்ண வேண்டும், அதுவும் முதலில் எண்ணியவரே எண்ண வேண்டும். ஆகவே உன் கான்ட்ராக்டில் இயக்குநர் கை வைக்க முடியாது. செங்கல் சூளை இடத்தை அளக்க ஆள் வருகிறது. அதுவரை வடகரையில் ஒரு கூடை மண் விழக் கூடாது. சிவப்புக் கொடியைப் பிடுங்கினார்களா என்று பார்த்து எழுது. பிடுங்காவிட்டால் நீயே பிடுங்கு.

புதுப் படிவத்தில் முட்டை என்ற பதிலை எடுத்துவிட்டு "முட்டை உண்டு / தேடியும் இல்லை" என்று மாற்றச் சொல்லி எழுதி வைத்துவிட்டுத்தான் மாடியிறங்கினேன். ஐந்து பேரையும் நன்றாகப் பார்த்துக்கொள். பொரிந்ததும் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதுகில் குஞ்சு ஏறுவதைப் பார்க்க வேண்டுமாம்.

பதவி உயர்வுப் பட்டியலை நேற்றுப் பலகையில் ஒட்டினார்கள். எனக்கு என்ன கிடைத்தது என்று போனில் சொன்னால் தப்பாக எழுதிக்கொள்வாய், அதனால் எழுத்திலேயே தருகிறேன்: முட்டை.

எந்த முட்டை என்று உனக்குத் தெரியும்.

உன்,
கொக்கு